வெள்ளத்தை அளந்தால் மட்டும் போதுமா?

மாரி பெருத்து ஆறுகள் கரைபுரளும் போதெல்லாம் பெய்த மழை அளக்கப்படுகின்றது. ஏறிய நீர்மட்டம் அளக்கப்படுகின்றது. அழிந்த வயலின் பரப்பும் கணக்கிடப்படுகின்றது. அந்த நீரில் என்ன கரைந்து ஓடியது என்னும் கேள்விக்கு மட்டும் வெள்ள அறிக்கைகளில் இடமில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வாதம் எழுந்தது, விசாரணையும் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல பகுதிகளை நீரில் ஆழ்த்தியது. அத்தகைய வேளைகளில் உயிர்காப்பதே முதற்கடன் என்பதை யாரும் மறுக்கார். ஆனால் வெள்ளம் வடிந்ததும் நீரைப் பற்றிய அக்கறையும் வடிந்துவிடுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

கோடையில் ஓடும் சிற்றாறு நிலத்தடி நீரால் உயிர்வாழ்வது. பாறையிலும் மண்ணிலும் நெடுநாள் தங்கி ஊறிய அந்நீரில் கல்சியம், மகனீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புக்கள் மிகுந்திருக்கும். பெருமழை வந்து கலந்ததும் இவை ஐதாகின்றன. ஆகவே வெள்ளம் உவரைக் கழுவும் என்று நமது கமக்காரர் கொண்டிருக்கும் எண்ணம் பிழையன்று.

ஆயினும் அது பாதி உண்மையே. நிலத்தின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் வெள்ளம், உக்கிய இலைகுழையின் சாற்றை, அதாவது கரைந்த சேதனக் காபனை, வாரிக்கொண்டு வருகின்றது. பொசுபேற்று மண்துகளோடு ஒட்டி வண்டலில் ஏறிச் செல்கின்றது. பசளையிட்ட நிலங்களின் நைத்திரேற்றோ பல வேளைகளில் முதற்பாய்ச்சலில் உயர்ந்து, வெள்ளம் பெருகப் பெருகத் தாழ்ந்துவிடுகின்றது. எனவே வெள்ளம் வடிந்த பின் ஒரு போத்தல் நீரை எடுத்துச் சோதித்துக் குறையேதுமில்லை என்று எழுதுவது, கள்வன் போன பின் வீட்டைப் பூட்டிவிட்டுக் களவே நடக்கவில்லை என்பதை ஒக்கும்.

அந்தச் சில நாட்களில் போவது சிறிய அளவுமன்று. 2011 ஆகஸ்டில் ஐரீன் சூறாவளி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைத் தாக்கியபோது, காடு சூழ்ந்த ஓர் ஆற்றை அறிஞர் அளந்து பார்த்தனர். சராசரியாக ஓராண்டில் அவ்வாற்று வழியே செல்லும் கரைந்த சேதனக் காபனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஐந்தே நாட்களில் போய்விட்டதைக் கண்டனர். அந்த ஐந்து நாட்களும் அளக்காது விட்டிருந்தால் அவ்வாண்டின் கணக்கே பொய்யாகியிருக்கும்.

அங்கே காடு, இங்கே பசளையிட்ட வயல். காலபோகப் பயிருக்கு மேலுரம் இடும் காலமும் வடகீழ்ப் பருவமழை உக்கிரமடையும் காலமும் ஒன்றே. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கடன்பட்டு வாங்கிய அந்த மூடையை வயலில் வீசிய மறுநாள் வரம்பு மூடி வெள்ளம் பாய்ந்தால், பயிர் பிழைத்தாலும் பசளை பிழைக்காது. அழிந்த பயிரைக் கண்ணால் காணலாம். போன பசளையை நீரை அளந்தன்றோ அறியலாம்? கனகராயன் ஆற்றுப் படுகையில் கழுவப்படுவது இரணைமடுவையும் கடந்து சுண்டிக்குளம் கடனீரேரிவரை செல்லக்கூடும். அங்கே பாசி மலிந்து ஒட்சிசன் குன்றுமாயின், கமக்காரன் இழந்த பொருளே மீனவனின் பிழைப்பையும் கெடுக்கும்.

கிணற்றின் கதையும் இதுவே. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரீன் இடுவது நல்ல வழக்கம். ஆனால் கலங்கிய நீரிலுள்ள சேதனப் பொருள் குளோரீனைத் தானே விழுங்கிவிடும். கிருமிகளைக் கொல்ல எஞ்சுவது சொற்பம். முதலில் இறைத்துத் தூர்வாரிப் பின்னரே குளோரீன் இடவேண்டும். கொதிக்கவைத்தலும் கிருமியைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை அகற்றாது. நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்றுள்ள நீர் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவற்றைத் தாய்மாருக்கு யார் எடுத்துச் சொல்வது?

நாம் கேட்பது பெரிதன்று. ஆறு ஏறும்போதும், உச்சத்திலும், இறங்கும்போதும் குறித்த இடங்களில் நீர் எடுத்துச் சோதிக்கப்படல் வேண்டும். முடிவுகள் கமநல சேவை நிலையங்களிலும் கிராம அலுவலர் பணிமனைகளிலும் எளிய தமிழில் ஒட்டப்படல் வேண்டும். பெருமழை எச்சரிக்கை விடுக்கப்படும்போதே, மேலுரத்தைச் சில நாள் பொறுத்து இடுமாறு கமக்காரருக்கு அறிவித்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. குடிக்கும் நீரைப் பற்றிய உண்மையை ஒருவன் தன் மொழியில் அறிய முடியாவிடின், அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

அரசாங்கத்தை மட்டும் நோவதும் முறையன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. ஊர்தோறும் கமக்கார அமைப்புக்கள் இருக்கின்றன. கற்றவரின் கருவியும் கமக்காரனின் கண்ணும் ஒன்றுசேர்ந்தால், அடுத்த மாரியில் மழை ஏறும் கணத்திலேயே நீர் எடுக்க ஆள் இருக்கும். அந்த ஏற்பாட்டை வானம் வெளித்திருக்கும் இக்காலத்திலேயே செய்துகொள்ளல் வேண்டும். வெள்ளம் வந்த பின் போத்தல் தேடுவதாற் பயனில்லை.