ஏ.கே. துப்பாக்கி "சிம்பிள்" இல்லை: நம்ம பசங்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பதிவு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு படிங்க.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், டிரில் மிஷின், தையல் மிஷின், லாரிச் சாவி என்று வரிசையா வைத்திருந்தோம். அதுக்கு நடுவுல ஏ.கே. மாதிரியே இருக்கிற ஒரு ஜெல் துப்பாக்கி, சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சு. குருக்கள் கவனிக்கறதுக்கு முன்னாடி நான் எடுத்து துணியில சுத்தி, வச்ச பையனோட அப்பாகிட்ட கொடுத்துட்டேன். பையன் நல்ல பையன், அன்னதானத்துக்கு பாத்திரம் தூக்குறவன். "இதுவும் ஆயுதம்தானே அங்கிள்" என்று சிரிச்சான். பிறகு பேச்சு வளர்ந்தப்போ அவன் சொன்னதுதான் என்னை எழுத வைக்குது. "நிஜ ஏ.கே.யே ரொம்ப சிம்பிள் அங்கிள். அமெரிக்காவில வீட்டு கராஜ்லேயே செய்றாங்க, மாத்துறாங்க, ரிப்பேர் பண்றாங்க. வீடியோ பூரா இருக்கு."

கோயில் பக்கத்துல துப்பாக்கிக் கதை எதுக்கு என்று சிலர் கேட்கலாம். பசங்க கைப்பேசியில் அந்தக் கதை ஏற்கனவே ஓடுது. நாம பேசாம இருந்தா அந்த வீடியோக்காரன் மட்டும்தான் பேசுவான்.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா தகடு அடிக்கிற பிரஸ், ரிவெட், கேஜ் இதுகளோட 30 வருஷமா இருக்கேன். அதனால "சிம்பிள்" என்கிற வார்த்தையை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

அந்தத் துப்பாக்கியோட வரலாற்றையே பாருங்க. மிக்கேல் கலாஷ்னிகோவ் ரஷ்யாவில் டேங்க் படையில் இருந்த ஒரு சார்ஜண்ட். 1941ல் சண்டையில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தப்பதான் துப்பாக்கி வடிவமைப்பில் இறங்கினார். 1949ல் சோவியத் ராணுவம் அவர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. உடம்புப் பகுதியை தகட்டை அடிச்சு மடிச்சு செய்யணும் என்பதுதான் முதல் திட்டம். ஆனா தொழிற்சாலையில் ரிஜெக்ட் குவிஞ்சு போச்சு. வேற வழி இல்லாம, முழு இரும்புக் கட்டியைக் கடைஞ்சு செய்யும் முறைக்குப் போனாங்க. செலவும் அதிகம், எடையும் அதிகம். மறுபடியும் தகட்டுக்கு வந்தது 1959ல், ஏ.கே.எம். என்ற மாடலில், 1 மில்லிமீட்டர் தகட்டில். ஒரு அரசாங்கமே பின்னால் நின்று, இஞ்ஜினியர், மிஷின், பணம் எல்லாம் கொடுத்தும் ஒரு தகட்டுப் பெட்டியை ஒழுங்கா மடிச்சு ரிவெட் அடிக்க பத்து வருஷம் ஆகியிருக்கு. பிரஸ் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. தகடு வளையும், பிறகு கொஞ்சம் திரும்பி நிமிரும், சூடு காட்டினா முறுக்கிக்கும். எங்க லைனில் புதுசா டை மாத்தினா முதல் நாள் வர்ற பீஸை யாரும் லாரியில் ஏத்த மாட்டோம்.

பசங்க இதையும் சொல்றாங்க: சேற்றில் போட்டாலும் சுடும், உள்ளே எல்லாம் லூஸா இருக்கும், அதனால யார் கை வச்சாலும் ஓடும். இது பாதி உண்மை, பாதி ஆபத்து. முன்னும் பின்னும் ஓடுற பாகங்களுக்கு இடைவெளி தாராளமா விட்டிருக்காங்க. மண்ணு பட்டா சிக்காம இருக்கத்தான். ஆனா தோட்டா உட்கார்ற இடத்தையும், அதைப் பின்னால் பூட்டிப் பிடிக்கிற இடத்தையும் அப்படி விடல. அங்கே கேஜ் வச்சுத்தான் பார்ப்பாங்க, நம்ம லைனில் கோ, நோ-கோ பார்க்கிற மாதிரி. ஓடுற இடம் லூஸ், பூட்டுற இடம் டைட். வீடியோ பார்க்கிறவனுக்கு லூஸ் மட்டும்தான் கண்ணுல படும்.

அந்தப் பூட்டு எதைத் தாங்குது தெரியுமா? கார் டயரில் 2 பார் சொச்சம். நம்ம தொழிற்சாலை ஏர் லைனில் 6, 7 பார். அந்த ஹோஸ் பிடுங்கிட்டு பாம்பு மாதிரி ஆடினதைப் பார்த்தவங்களுக்கு 7 பார் என்றால் என்னன்னு தெரியும். ஏ.கே. தோட்டா வெடிக்கும்போது உள்ளே 3,500 பார் வரைக்கும் போகும். அதே ஏ.கே. அமைப்பில் செஞ்ச ஷாட்கன்னில் அழுத்தம் இதைவிடக் குறைவு, ஆனா அதுவும் நூற்றுக்கணக்கான பார். சுடுறவன் கன்னம் அதுக்குப் பக்கத்துலேயே இருக்கு.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் தனி ஆள் சொந்த உபயோகத்துக்கு துப்பாக்கி செய்ய சட்டம் விடுது, அது உண்மைதான். கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வெட்டி அனுப்பின பழைய ராணுவத் துப்பாக்கிகளோட பாகங்களை வாங்கிப் பொருத்துறாங்க. அங்கேயும் சில கம்பெனிகள் அடிச்சு செய்ய வேண்டிய பாகத்தை வார்ப்பில் செஞ்சு வித்ததில், அது சீக்கிரமே தேஞ்சும் விரிசல் விட்டும் போயிருக்கு. காசு வாங்கித் தொழில் பண்றவனுக்கே அந்த கதி. அடிச்ச இரும்புக்கும் வார்த்த இரும்புக்கும் வித்தியாசம் பெயிண்ட் அடிச்ச பிறகு கண்ணுக்குத் தெரியாது. வீடியோவில் சுத்தமா தெரியாது.

ரிப்பேர் என்கிறதும் அப்படித்தான். தோட்டா சிக்குதுன்னா காரணம் தோட்டாவா, ஸ்பிரிங்கா, தேய்மானமா, வேற மாடல் பாகமா என்று பிரிச்சுப் பார்க்கணும். எங்க ஷிப்டில் மிஷின் நின்னா சென்சாரை பைபாஸ் பண்ணி ஓட்டப் பார்க்கிற ஆள் ஒருத்தன் எப்பவும் இருப்பான். மிஷின் ஓடும். காரணம் உள்ளேயே இருக்கும். துப்பாக்கியில் அரம் எடுத்து ராவுறவனும் அதே ஆள்தான். பாகிஸ்தானில் தார்ரா ஆதம் கேல் என்ற ஊரில் கையாலேயே துப்பாக்கி செய்றாங்களே என்று கேட்கலாம். அது அப்பன், பாட்டன் காலத்துத் தொழில். நாலு வீடியோ பார்த்துட்டு வந்தது இல்லை.

நம்ம நாட்டுச் சட்டம் பற்றி பெற்றோர்கள் தெரிஞ்சுக்கணும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி, அனுமதி இல்லாம துப்பாக்கி வச்சிருந்தாலே 14 வருஷம் வரை சிறை, அதோட 6க்குக் குறையாத பிரம்படி. சுடணும் என்று கூட அவசியம் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியோட பாகமும் ஆயுதக் கணக்குதான். அதனால் "ஸ்பேர் பார்ட்ஸ்தானே" என்று ஆன்லைனில் ஆர்டர் பண்ண முடியாது. பொம்மை மாதிரி இருக்கிற போலி ஆயுதத்துக்கும் அதே சட்டத்தில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. அந்த ஜெல் துப்பாக்கியை நான் ஏன் அவ்வளவு அவசரமா துணியில சுத்தினேன் என்று இப்ப புரியும். அங்கே ஒருத்தர் போட்டோ எடுத்து முகநூலில் போட்டிருந்தா, பையன் பேர் மட்டும் இல்ல, கோயில் பேரும் சேர்ந்து போயிருக்கும். பார்சல் வந்தா பிரிச்சுப் பாருங்க. பையன் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது பக்தர்களுக்காக. கலாஷ்னிகோவ் கடைசி காலத்தில் ரஷ்ய தேவாலயத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது. தன்னோட துப்பாக்கி பறிச்ச உயிர்களுக்கு தானும் பொறுப்பா என்று கேட்டிருந்தார். அதுக்கு முன்னாடி ஒருமுறை, விவசாயிக்கு உதவுற மாதிரி ஒரு புல்வெட்டி மிஷின் கண்டுபிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் என்றும் சொல்லியிருக்கார். நாட்டைக் காக்கத்தான் செஞ்சேன் என்று வாழ்நாள் முழுக்க சொன்ன மனுஷன் அவர். தேவாலயமும் அவருக்கு ஆதரவாத்தான் பதில் சொன்னது. இருந்தும் 90 வயசுக்கு மேல அந்தக் கேள்வி அவரை விடல.

ஆயுத பூஜையில் நாம கருவியைக் கும்பிடுறது அது நமக்குச் சோறு போடுறதால. என் வெர்னியர் காலிபரை நான் வைக்கிறேன், டிரைவர் சாவியை வைக்கிறார். அந்தப் பையனோட துப்பாக்கி யாருக்கு என்ன சோறு போட்டது? இதைக் கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் பேசல.

ஆனா அவன்மேல எனக்குக் கோபம் இல்லை. கழட்டிப் பார்க்கணும், உள்ளே என்ன இருக்குன்னு தெரியணும் என்கிற கை அரிப்பு நல்ல அரிப்பு. என் லைனில் இப்ப வர்ற பசங்கள்ல பாதிப் பேருக்கு அது இல்லை, ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கவே தெரியல. அந்தக் கையை திட்டி அனுப்பிட்டா அது வீடியோகிட்டதான் திரும்பப் போகும். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மெஷினிங், வெல்டிங் சேர்த்துவிடுங்க. "மார்க் வாங்காத பிள்ளைதான் அங்கே போகும்" என்று நம்ம ஆளுங்க சொல்றதை முதல்ல நிறுத்தணும்.

இங்கேயும் வேலை இருக்கு. கோயில் தண்ணீர் பம்ப் மூணு வாரமா சத்தம் போடுது, பேரிங் என்று நினைக்கிறேன். ஜெனரேட்டர் சூடானா நின்னுடுது. தைப்பூசத்துக்கு முன்னாடி ரதத்தோட நாலு சக்கரத்தையும் கழட்டி கிரீஸ் மாத்தணும். வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சு 10 மணிக்கு பின்பக்கம் ஸ்டோர்ல இருப்பேன். டூல் பாக்ஸ் நான் கொண்டு வர்றேன். பசங்களை பழைய சட்டை போட்டு அனுப்புங்க, வேட்டி வேண்டாம். அந்தப் பையன் வர்றேன்னு சொல்லியிருக்கான்.