ஜவ்வாது மலைக்கு ஆப்பிள், பனானா எதுக்கு?

பைத்தான் வொர்க்‌ஷாப்னாலே லிஸ்ட் பாடத்துக்கு ஒரே ஸ்லைடுதான்: ஆப்பிள், பனானா, செர்ரி. அதே ஸ்லைடைத் தூக்கிட்டு, என்.எஸ்.எஸ். கேம்ப்னு ஜவ்வாது மலை ஏறி, அங்க இருக்கிற அரசுப் பள்ளி ப்ளஸ் டூ பசங்களுக்கும் அதையே காட்டப் போறோம்னா, அந்த ஒரு செஷனை விட்டுடலாம் என்பது என் கருத்து.

செர்ரி நம்ம ஊர்ப் பழம் இல்லைங்கிறது சின்ன விஷயம். லிஸ்ட்ல முக்கியமானது வரிசை. பழங்களுக்கு அது கிடையாது. ஆப்பிள் முதல்ல வந்தா என்ன, கடைசில வந்தா என்ன? அதனாலதான் "ஏன் சார் 0-ல ஆரம்பிக்குது?"ன்னு ஒருத்தர் கேட்டா, "ரூல் அப்படி, மனப்பாடம் பண்ணிக்கோ"ன்னு சொல்றோம்.

பதிலா ஒரு பஸ் ரூட்டை எடுத்துக்கலாம்:

ஊர்கள் = ["திருவண்ணாமலை", "கலசபாக்கம்", "போளூர்", "ஜமுனாமரத்தூர்"]

பைத்தான் 3-ல இது அப்படியே ஓடும். வேரியபிள் பேரையே தமிழ்ல வைக்கலாம். திருவண்ணாமலையில பஸ் ஏறி உட்கார்ந்தாச்சு. இதுவரைக்கும் எத்தனை ஊர் தாண்டியிருக்கோம்? ஒண்ணும் இல்லை. அதான் ஊர்கள்[0]. மூணு ஊரைத் தாண்டினா ஜமுனாமரத்தூர், அது ஊர்கள்[3]. ஆக இண்டெக்ஸ் என்பது எத்தனையாவது ஊர் என்ற கணக்கு இல்லை. கிளம்பின இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கு. ஊர்கள்[4] கேட்டா எரர், ஏன்னா ரூட் அங்கேயே முடிஞ்சுடுச்சு. பஸ்ஸை காவலூர் வரைக்கும் நீட்டினா, அது அப்பெண்ட். நடுவுல ஒரு ஸ்டாப் சேர்த்தா, அது இன்செர்ட். அதுக்குப் பின்னாடி இருக்கிற ஊர் எல்லாத்துக்கும் நம்பர் ஒண்ணு கூடும். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணத் தேவையே இல்லை.

"நாளைக்கு வேலை இங்கிலீஷ்லதானே? எரர் மெசேஜ்கூட இங்கிலீஷ்லதானே வருது?" என்று கேட்பீங்க. உண்மைதான், அதை அவங்க கத்துக்கத்தான் வேணும். ஆனா புது மொழியையும் புது கான்செப்டையும் ஒரே மணி நேரத்துல தலையில ஏத்தினா ரெண்டும் நிக்காது. நான் இங்கிலீஷ் மீடியம். எனக்கு கான்செப்ட் மட்டும்தான் புதுசா இருந்தது. அந்த வசதி எல்லாருக்கும் இல்லை.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகம் தமிழ் வழியிலேயே பைத்தான் சொல்லித் தருது. 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. இன்னைக்கு மலையில நம்ம முன்னாடி உட்காரும் பசங்க அடுத்த வருஷம் நம்ம காலேஜ்லயே ஜூனியரா வரலாம். "கோடிங் நமக்கு வராது" என்ற முடிவோட அவங்க உள்ள வந்தா, அதுல நம்ம ஸ்லைடுக்கும் பங்கு இருக்கு.

அடுத்த கேம்ப்புக்கு ஸ்லைடே வேண்டாம். உங்க ஊர் பஸ் எங்கெங்க நிக்கும்னு அவங்ககிட்டயே கேளுங்க. வரிசையா சொல்வாங்க. அதை அவங்களையே டைப் பண்ண விடுங்க.