கோடைக் குழந்தையும் கைத்தறித் துணியும்

சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரைச் சீமையில் பிறக்கும் குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்றே போதுமானது. அதற்கு மேல் சுற்றப்படும் துணி பெரும்பாலும் சுமையே. இதனைக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். அந்த ஒரு துணிக்கான பஞ்சை விளைவிப்பவரும், அதனை நெய்பவரும் நம் சங்கத்தார் ஆவர். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கே அத்துணி கிட்டாமற்போவதை நாம் காண்கிறோம். ஆதலின் எழுத நேர்ந்தது.

வைகையின் வடகரையில் உள்ள கே.கே. நகர் போன்ற பகுதிகளில் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் கூரை வேய்ந்தவை. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும் நாட்களில், அக்கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. அத்தகைய அறையில், பிறந்து பத்து நாளான சிசுவுக்குத் தலையில் குல்லாய், கைக்கும் காலுக்கும் உறைகள், பாலியெஸ்டர் சட்டை, அதன்மேல் பஞ்சுபோன்ற செயற்கை இழைப் போர்வை என அணிவிக்கிறார்கள். குழந்தையைக் காண வருவோர் பெட்டியில் வைத்துத் தரும் பரிசு இவையே. அன்பின் பெயரால் தரப்படும் பரிசு என்பதில் ஐயமில்லை. ஆனால் அணிந்துகொள்ளும் குழந்தைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாதே!

சிசுவின் உடற்கூற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு, வளர்ந்தவர்களுக்கு உள்ளதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகையால் குளிரிடத்தில் விரைவில் குளிர்ந்துவிடும். சூடான இடத்தில் விரைவில் சூடேறிவிடும். வியர்த்துத் தன்னைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் முதல் வாரங்களில் அதற்குக் குறைவு. மிகுந்த சூட்டை வெளியேற்ற அதற்குள்ள முக்கியமான வழிகளுள் ஒன்று தலை. அந்தத் தலையையே வீட்டுக்குள்ளும் குல்லாயால் மூடிவைத்தால், சன்னலை அடைத்துவிட்டு அறை புழுங்குகிறதே என்று வருந்துவதற்கு ஒப்பாகும். குழந்தை உறங்கும்போது அளவுக்கு மீறிச் சூடேறுவது, உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணத்திற்குரிய ஆபத்தை மிகுவிக்கும் என்பதும் மருத்துவர்கள் கண்ட உண்மை. எனவே இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சன்று.

பெரியோர்கள் "குளிர் தாக்கிவிடும்" என்று அஞ்சுவதை நாம் எள்ளி நகையாடவில்லை. அவ்வச்சத்திற்கு உரிய காலம் ஒன்று உண்டு. பிறந்தவுடன் சிசு ஈரமாக இருக்கும்; அந்த ஈரம் உலரும்போது உடற்சூடு வேகமாகக் குறையும். ஆகவே உடனே துடைத்து, தாயின் மார்போடு மார்பாகச் சேர்த்து, துணியால் போர்த்தித் தலையையும் மூட வேண்டும். முதற் குளியலை 24 மணி நேரமேனும் தள்ளிப்போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குறை மாதத்திற் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் மருத்துவர் சொல்லும் அளவுப்படியே வெதுவெதுப்பு வேண்டும். மார்கழிப் பனியிலும், குளிர்சாதன அறையிலும் இன்னொரு துணி சேர்ப்பது பொருத்தமே. ஆனால் நிறைமாதத்திற் பிறந்து நலமாயிருக்கும் குழந்தையை மே மாதத்து மாடி அறையில் மார்கழிக்குரிய கோலத்தில் வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

அளவறிவது எங்ஙனம்? கையும் காலும் சற்றுக் குளிர்ந்திருப்பது சிசுவுக்கு இயல்பு. அதனைக் கண்டு துணியைக் கூட்டுதல் கூடாது. மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். பிடரி ஈரமாகவோ மிகச் சூடாகவோ இருந்தால், முகம் சிவந்தால், கழுத்து மடிப்பில் வேர்க்குரு தோன்றினால், துணி மிகை என்று பொருள். வேர்க்குருவுக்கு மாவு தூவுவதைவிடத் துணியைத் தளர்த்திக் காற்றுப்பட வைப்பதே மேல். அம்மாவு மூச்சுக்குள் போகவும் கூடும். சிசுவின் இயல்பான வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை. அது 38 டிகிரியைத் தொட்டாலோ, குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வெயிற்காலம் என்று தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலிலுள்ள நீரே போதும்.

இனித் துணியின் தன்மைக்கு வருவோம். பருத்தி இழை, சாதாரணமான காற்றில் தன் எடையில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு ஈரத்தைத் தனக்குள் ஏற்கும். பாலியெஸ்டர் அரைப் பங்கைக்கூட ஏற்பதில்லை. பின்னதை அணிந்த குழந்தையின் வியர்வை தோலிலேயே தங்கிவிடுகிறது. பருத்தியிலும் புதுத்துணி உடனே உதவாது. காரணத்தை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாவுக்குப் போட்ட கஞ்சி துணியில் நிற்கிறது; அது போகும்வரை துணி விறைப்பாயிருக்கும், நீரையும் எளிதில் வாங்காது. நம் வீடுகளில் சிசுவுக்குப் பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்து உடுத்தும் வழக்கம் இதனால்தான் அறிவுடையதாகிறது. பல நூறு முறை துவைத்த வேட்டியில் கஞ்சியுமில்லை, முரடுமில்லை. அதைச் சுத்தமாகத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் அதனினும் நல்ல முதலாடை வேறில்லை.

நம் சங்கத் துணி அந்தப் பழைய வேட்டிக்கு ஈடாக நிற்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. 80 நம்பர் நூலில், ஊடையை நெருக்கி அடிக்காமல், சரிகையும் சாயமும் இன்றி நெய்து, கஞ்சி நீங்கத் துவைத்து விற்பனைக்கு வைக்கலாம். போர்த்தச் சதுரத் துணி ஆறு, முன்புறம் திறந்து பக்கத்தில் நாடா கட்டும் கையில்லாச் சட்டை நான்கு, கட்டை நூலில் ஈரம் உறிஞ்சும் அரைத்துணி ஒரு டஜன், தூளிக்கு ஒரு நீளத்துணி: இவை ஒரு கட்டு. கழுத்தைச் சுற்றிக் கயிறோ பொத்தானோ வேண்டாம். சுற்றுவதாயினும் கால்களை நீட்டி இறுக்குதல் ஆகாது. இடுப்பு மூட்டு கெடும். தூளியில் உறங்கும் குழந்தைக்குக் காவல் அவசியம். நெடுநேர உறக்கத்திற்குப் பாயில் துணி விரித்து மல்லாக்கக் கிடத்துவதே உத்தமம். முகத்தை எதனாலும் மூடலாகாது.

பயிரிடுவோர்க்கும் இதில் பங்குண்டு. நம் கரிசலின் பழைய கருங்கண்ணி குட்டை இழை. அது அரைத்துணிக்கும் துவாலைக்கும் உரிய கட்டை நூலுக்குப் பொருந்தும். சன்ன நூலுக்கு நீளிழைப் பஞ்சு வேண்டும். 1968-இல் வெளியான எம்.சி.யு. 5, 1974-இல் வெளியான சுவின் ஆகிய இரகங்கள் தமிழ்நாட்டில் உருவானவையே. நல்ல பஞ்சும் நல்ல தறியும் இருக்கும் நாட்டில் குழந்தை செயற்கை இழையில் புழுங்குவது நமக்குப் பெருமை தருவதாகாது.

இதற்கு வாணிபம் உண்டா என்று சில நிர்வாகிகள் தயங்கக்கூடும். தீபாவளித் தள்ளுபடியை நம்பி நெய்து, சித்திரையில் சரக்கை அடுக்கிவைத்துக் காத்திருக்கும் சங்கங்கள் பல. குழந்தைகளோ ஆண்டு முழுதும் பிறக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2015-இல் பரிசுப் பெட்டகம் வழங்கத் தொடங்கியபோது, அதனுள் துவாலையும் சட்டையும் இடம்பெற்றன. சிசுவின் துணி ஒரு பொதுத் தேவை என்பதற்கு இதுவே சான்று. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை அமைப்பு நமக்கு இருக்கிறது. பிறவாத குழந்தைக்கு முன்கூட்டிச் சட்டை வாங்கக் கூடாதென்று கருதும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வளைகாப்பின்போது தாய்க்குத் துணியாகவே தரலாம்.

நிறையத் துணி அணிவிப்பதே மதிப்பு என்று எண்ணுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தியடிகள் தம் உடையை அரையாடையாகக் குறைத்துக்கொண்டார். ஏழையரை எண்ணிச் செய்த செயல் அது. அதனால் அவர் மதிப்புக் குறையவில்லை.

வரும் கோடைக்கு முன் ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் பத்துக் கட்டுகளேனும் நெய்து பார்க்கட்டும். அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளுக்கே முதலில் கொடுத்து, தாய்மார்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுத் திருத்தட்டும். பொதுச் சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.