கைப்பேசிக் கோபுரம்: இடத்தை முடிவு செய்வது யார்?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளிலும் காவடிகள் நிறைந்திருக்கும். தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் திரளும் அந்தக் கூட்டத்தில் பிரிந்துபோன குழந்தையைத் தேடவும், மயங்கி விழுந்தவருக்காக ஆம்புலன்ஸை அழைக்கவும் கைப்பேசித் தொடர்பு தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஆனால், அந்தத் தொடர்பைத் தரும் கோபுரம் தங்கள் தெருவில் மட்டும் வேண்டாம் என்பதே பல ஊர்களிலும் மக்களின் நிலைப்பாடாக இருக்கிறது.

எதிர்ப்புக்கு முதன்மைக் காரணம் கதிர்வீச்சு குறித்த அச்சம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவை' என்று 2011-இல் வகைப்படுத்தியது உண்மை. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கை 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தனது வரம்பாக ஏற்றதும் உண்மை. பள்ளி, மருத்துவமனைகளில் உள்ள கோபுரங்களை அகற்றுமாறு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. குவாலியரில் ஒரு கோபுரத்தின் இயக்கத்தை நிறுத்துமாறு உச்சநீதிமன்றம் 2017-இல் ஆணையிட்டது. ஆயினும், அறிவியல் சான்றில்லாத அச்சத்தை மட்டும் கொண்டு கோபுரத்தைத் தடுக்க முடியாது என்பதே சென்னை உள்ளிட்ட பல உயர் நீதிமன்றங்களின் கருத்து.

கதிர்வீச்சை அளவிடுவதும் நடவடிக்கை எடுப்பதும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பொறுப்பு. நகராட்சிக்கு அதில் அதிகாரம் இல்லை. அப்படியானால் நகராட்சியின் பங்கு என்ன? அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள் அனுமதிக்குக் காலக்கெடு விதித்தன. கெடுவுக்குள் பதில் இல்லையெனில் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். 2022-இல் வந்த திருத்தம், தனியார் இடத்தில் கோபுரம் அமைக்க உள்ளாட்சி அனுமதியே தேவையில்லை, முன்கூட்டித் தகவலும் கட்டட உறுதிச் சான்றும் போதும் என்றது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழான புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. கோபுரங்கள் பெரும்பாலும் எழுவது தனியார் மாடிகளிலும் மனைகளிலும்தான். அங்கே நகராட்சிக்குக் கிடைப்பது ஒரு கடிதம் மட்டுமே.

அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. கதிர்வீச்சைக் காரணம் காட்டி, வரம்புக்கு உள்பட்ட கோபுரத்தை உள்ளாட்சிகள் மறுக்க முடியாது. சேவையே கிடைக்காதபடி தடுக்கவும் முடியாது. ஆனால், எந்த இடம், எவ்வளவு உயரம், எத்தகைய தோற்றம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அவற்றிடமே உள்ளது. மறுத்தால் எழுத்துபூர்வமாக, ஆதாரத்துடன் மறுக்க வேண்டும்.

திருத்தணிக்குத் தேவை இத்தகைய தெளிவு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை உண்டு. ஆனால், முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று என்பதற்காக ஒரு மலையின் தோற்றத்துக்கு அந்தச் சட்டம் காப்பளிக்காது. கோயில் கோபுரத்தைக் காட்டிலும் உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரத்தைத் தடுக்க வேண்டுமெனில் மாநில அரசு அதற்கெனத் தனி விதி வகுக்க வேண்டும்.

அதுவரை நகராட்சி கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தனக்குச் சொந்தமான கட்டடங்கள், தெருவிளக்குக் கம்பங்களில் சிற்றலைக் கருவிகளுக்கு உகந்தவற்றைப் பட்டியலிட்டு நிறுவனங்களுக்கு முன்வைக்கலாம். புதிய கோபுரத்துக்கு முன் பழையதைப் பகிர்ந்துகொள்ள வலியுறுத்தலாம். திருவிழா நாள்களுக்கு நடமாடும் கோபுரங்களைக் கோரலாம். தனக்கு வரும் தகவல் கடிதங்களையும் உறுதிச் சான்றுகளையும் மக்கள் பார்வைக்கு வைக்கலாம்.

கோபுரம் எழுந்த பிறகே செய்தி அறியும் மக்கள் போராடத்தான் செய்வார்கள். முன்கூட்டியே அறிந்தால், எங்கே அமைக்கலாம் என்று பேச முன்வருவார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்கு அளிப்பதே நல்ல விதியின் இலக்கணம்.