ஆயா வேலைதானே?

"சின்னப் பிள்ளைங்களுக்கு விளையாட்டு காட்டுறதுக்கு சம்பளம் வேறயா?" பால்வாடி டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தால் கூட்டத்தில் ஒருத்தராவது இப்படிக் கேட்பார். அவரிடம் முப்பது பிள்ளைகளைக் கொடுத்து ஒரே ஒரு காலை நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒன்று அம்மாவைத் தேடி அழும், ஒன்று டவுசரை நனைத்துவிட்டு நிற்கும், ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கடித்து வைக்கும். இதற்கு நடுவில்தான் பாட்டு, கதை, நிறம், எண் எல்லாம்!

ஐ.சி.டி.எஸ். திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. முன்பருவக் கல்வியோடு சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பதிவேடு எழுதுவது, 2021-லிருந்து செல்போன் செயலியில் ஏற்றுவது என்று வேலை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான்.

வாங்குவதற்குப் பெயர் சம்பளம் இல்லையாம், 'மதிப்பூதியம்'! பெயரில் மட்டும்தான் மதிப்பு. 2018 அக்டோபரில் மத்திய அரசு இதை உயர்த்தியபோது பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்காகக் கொஞ்சம் சேர்க்கும்.

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. 'சம்பளம்' என்று எழுதினால் ஊதிய விகிதம், ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாம் பின்னாலேயே வரும். 'மதிப்பூதியம்' என்று எழுதினால் கணக்கு அந்த மாதத்தோடு முடிந்தது.

2006-ல் கர்நாடக வழக்கு ஒன்றில், இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கில் அதே நீதிமன்றம், 1972-ம் வருடப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், இதைப் பகுதிநேர வேலை என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இனி 'அரைநாள் வேலைதானே' என்று சொல்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வரலாம்.

அந்தப் பணிக்கொடை எவ்வளவு வரும்? வருடத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. மத்திய அரசின் 4,500-ஐ மட்டும் வைத்துப் போட்டால், 30 வருட உழைப்புக்கு சுமார் 78 ஆயிரம் ரூபாய். இதற்குத்தான் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

'அரசிடம் பணம் எங்கே?' என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் மொத்தம் 123 பிள்ளைகள். பெரியவர்களான பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் பள்ளியில் படித்தவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் முந்தினார்கள், குற்ற வழக்குகளில் குறைவாகச் சிக்கினார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் அந்தத் தகவல்களை வைத்துக் கணக்குப் போட்டு, போட்ட காசுக்கு மேல் லாபம் என்றார். அங்கே பாடம் எடுத்தவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். நமக்கு அந்தப் பலன் மட்டும் வேண்டும், ஆசிரியருக்கு ஆசிரியர் சம்பளம் தர மனசு வராது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயதிலிருந்தே அடித்தளப் பருவம் என்கிறது. நல்லது. அப்படியென்றால் அந்த அடித்தளத்தைப் போடுகிறவர் தொண்டர் அல்ல, ஆசிரியர். இதை ஒத்துக்கொண்டு, அவர் வாங்குவதைச் சம்பளம் என்று ஆணையில் எழுதட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்.