திட்டினா பிரசவ மரணம் குறையுமா?

வேலையிடத்துல மனநலம்னு சொன்னாலே எல்லாருக்கும் ஐ.டி. கம்பெனிதான் ஞாபகம் வருது. ஜவ்வாது மலையில துணை சுகாதார நிலையத்துல ஒத்தை ஆளா இருக்கிற கிராம சுகாதார செவிலியரும் வேலைதாங்க பாக்குறாங்க. அவங்களைப் பத்தி ஒரு திரெட்.

சமவெளியில 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில 3000 பேருக்கு ஒண்ணு. கம்மிதானேன்னு தோணும். ஆனா அந்த 3000 பேரும் சின்னச் சின்ன ஊரா சிதறி இருப்பாங்க. வண்டி போகாத இடத்துல கர்ப்பிணியை டோலி கட்டித்தான் ரோட்டுக்குத் தூக்கிட்டு வரணும். அப்புறம் ஜமுனாமரத்தூர், தேவைப்பட்டா மலை இறங்கி போளூர், திருவண்ணாமலை. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்கலைன்னா இந்தத் தூரம் என்ன பண்ணும்னு யோசிச்சுக்கங்க.

தாய் இறந்தா ஆடிட் நடக்கும். நடக்கணும். தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிறப்புக்கு தாய் மரணம் 2001-03ல 134, 2018-20ல 54. ஒவ்வொரு மரணத்தையும் விடாம தோண்டிப் பார்த்ததுக்கும் இதுல பங்கு இருக்கு.

நடத்துற விதம்தான் பிரச்னை. நான் உட்கார்ந்திருந்த ஒரு மீட்டிங்ல (எந்த ஊர்னு கேக்காதீங்க) முதல் கேள்வியே "நீ என்னம்மா பண்ணிட்டு இருந்த?" மாசக்கணக்கா வீடு தேடிப் போய் அவங்க பார்த்த பொண்ணு அது. துக்க வீட்டுல இருந்து வந்து அத்தனை பேர் முன்னாடி நிக்கிறாங்க. அழுதா "டிராமா"ம்பாங்க.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற முறையே பேர் சொல்லாதே, பழி போடாதேங்கிறதுதான். கருணைக்காக மட்டும் இல்ல. திட்டு வாங்கினவங்க அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டாங்க, ரெஜிஸ்டரை அழகா எழுதி வெப்பாங்க. ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, ரத்தம் கையில இருந்துச்சாங்கிற கேள்வியெல்லாம் அப்படியே அமுங்கிடும்.

"அப்போ அலட்சியத்தைக் கேக்கவே கூடாதா டாக்டர்?" தாராளமா கேளுங்க. அதுக்குத் துறை விசாரணை தனியா இருக்கு.

வருஷத்துக்கு ஒரு யோகா கிளாஸ் நடத்தி போட்டோ எடுக்கிறதை இதுக்கு மருந்துன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ். மரணம் நடந்த வாரம் அவங்களுக்கு ரெண்டு நாள் லீவு, பாத்துக்க பக்கத்து நிலையத்து செவிலியர். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் அவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசணும், அதிகாரி யாரும் கூட இல்லாம. 2022 அக்டோபர்ல வந்த டெலி மானஸ் 14416 இலவசம்தான், தமிழ்லயே பேசலாம். ஆனா மலையில முதல்ல சிக்னல் கிடைக்கணுமே.

அடுத்த ஆடிட்டுக்கு தலைமை தாங்கப் போற சீனியர் யாராவது இதைப் படிச்சா, "சாப்டியாம்மா, உக்காரு"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க சார்.