சருகைக் கொளுத்தாதீங்க... செடிக்குப் போர்த்துங்க!

கொல்லையைப் பெருக்கி, வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில் கிடக்கும் சருகையெல்லாம் மூலையில் குவித்துத் தீ வைப்பது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. செடியின் அடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தால்தான் லட்சணம் என்று ஒரு நினைப்பு. சித்திரை மாதத்துப் பதினோரு மணி வெயிலில் அந்த லட்சணமான மண்ணில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். மேலாக ஓடும் வேர்கள் என்ன பாடுபடும் என்று புரியும்.

காட்டில் யாரும் பெருக்குவதில்லை. உதிர்ந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கி, அதே மரத்துக்கு உரமாகிறது. இதை வீட்டுப் பாத்தியில் செய்தால் அதுதான் மூடாக்கு. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று சொன்னவற்றில் இதுவும் ஒன்று. ஜப்பானில் மசானபு ஃபுகுவோக்கா, அறுவடை செய்த நெல்லின் வைக்கோலைத் திரும்ப வயலிலேயே பரப்பி விவசாயம் செய்து காட்டினார்.

மூடாக்கு போட்டால் வெயில் நேராக மண்ணில் படாது. ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. வெளிச்சம் கிடைக்காததால் களை விதைகள் அவ்வளவாக முளைக்காது. மழைத்துளி மண்ணை அடித்துத் தெறிக்கும்போது, அதிலிருக்கும் பூஞ்சை தக்காளியின் அடி இலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் குறையும். ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற 2019 கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு வாளித் தண்ணீர் மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது என்பதில்தான் செடியின் உயிர் இருக்கிறது.

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, நறுக்கிய தென்னை ஓலை, வேர்க்கடலைத் தோல்... எது கிடைக்கிறதோ அது போதும். வீட்டில் தென்னை இருந்தால் உரித்த மட்டைகளை அதன் பாத்தியிலேயே, முதுகுப்பக்கம் மேலே தெரியும்படி அடுக்கலாம். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். நன்றாக அலசிய பிறகே போட வேண்டும். விதை பிடித்த களையும் நோய் வந்த செடியின் இலையும் கண்டிப்பாக வேண்டாம். வெட்டிய பச்சைப் புல்லை அப்படியே கனமாகக் குவித்தால் சூடேறி நாற்றமடிக்கும். ஒரு நாள் காயவைத்து மெல்லிசாகப் பரப்புங்கள்.

காய்ந்த சருகு என்றால் இரண்டு, மூன்று அங்குல உயரம் போதும். தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். குழந்தைக்குக் கழுத்துவரை போர்த்துவது மாதிரி தண்டோடு ஒட்டிப் போர்த்தினால், ஈரம் தங்கி தண்டு அழுகிவிடும்.

பலரும் சறுக்குவது தண்ணீர் விஷயத்தில்தான். காய்ந்து கிடக்கும் மண்ணின் மேல் மூடாக்கு போடுவதில் பயனில்லை. முதலில் மண் நன்றாக நனைய வேண்டும், அதன் பிறகே போர்வை. அடுத்து, ஹோஸ் பைப்பால் மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் அந்தத் தண்ணீரை வைக்கோலே குடித்துவிடும்; வேருக்கு ஒரு சொட்டும் போகாது. சருகைக் கொஞ்சம் ஒதுக்கி, மண்ணில் மெதுவாக ஊற்றி, மறுபடி மூடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. மூடாக்கு போட்ட பிறகும் பழைய கணக்கிலேயே காலை, மாலை வாளி வாளியாக ஊற்றுவார்கள். மண் காயவே வழியில்லாமல் வேர் அழுகி, இலை மஞ்சளாகும். உடனே 'தண்ணி பத்தலை போல' என்று இன்னொரு வாளி! கடைசியில் பழி மூடாக்கின் மேல். சருகை விலக்கி, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இந்த விரல் சோதனை மாடித்தோட்டத்துப் பைகளுக்கும் பொருந்தும். அடைமழைக் காலத்தில் தண்ணீர் தேங்கும் பாத்தி என்றால், மூடாக்கை ஒதுக்கி மண்ணைக் கொஞ்சம் உலரவிடுவதே நல்லது.

கீரை விதைத்த பாத்திக்கு அவசரம் கூடாது. கடுகைவிடச் சின்ன விதை, கனமான சருகை முட்டிக்கொண்டு வெளியே வராது. நாற்று விரல் உயரம் வந்த பிறகு வரிசைகளுக்கு நடுவே மட்டும் போடுங்கள்.

கரையான் வருமே என்ற பயம் நியாயமானதுதான். காய்ந்த சருகு அதற்கு விருந்து. அதனால் வீட்டுச் சுவரையும் மர நிலையையும் ஒட்டி மூடாக்கு வேண்டாம். ஓரடி தள்ளியே நிறுத்துங்கள். குளிர்ச்சியான இடம் தேளுக்கும் பூரானுக்கும் பிடிக்கும் என்பதால், விலக்கும்போது வெறுங்கையை விடாமல் ஒரு குச்சியால் கிளறுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டிய பாத்திகளில் மெல்லிசாகப் போட்டால் போதும்.

சில மாதங்களில் சருகு மக்கி, உயரம் பாதியாகக் குறையும். மேலாகப் புதுச் சருகைச் சேர்த்தால் போதும். பழையதை அள்ளி எறிய வேண்டாம். ஆடிப் பட்டத்துக்கு நாற்று நடும்போதும் பாத்தி முழுவதையும் கொத்தாமல், நடும் இடத்தில் மட்டும் சருகை விலக்கிக் குழி எடுங்கள். அந்த இடத்தில் மண் கறுத்து, பொலபொலவென்று மண்புழுவோடு கையில் வரும்.